கர்ப்பகாலச் சலரோகப் பதிவையும் கிளினிக் பதிவையும் இணைத்து ஆய்வு செய்யலாமா?

மருதநிலா

எல்லோருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் சமுதாய மருத்துவத்தில் மேற்படிப்புப் படிக்கிறேன். ஆய்வுக்கான கேள்வி கையில் இருக்கிறது, போகும் வழியில்தான் உங்கள் யோசனை வேண்டும்.

கர்ப்பகாலத்தில் சலரோகம் (நீரிழிவு) வந்து, பிள்ளை பிறந்ததும் சீனி அளவு இறங்கிவிட்ட தாய்மார் எங்களிடம் நிறையப் பேர். மற்றத் தாய்மாரைவிட இவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சலரோகம் வரும் வாய்ப்பு குறைந்தது ஏழு மடங்கு என்று 2009 இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்னது. அது பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. எங்கள் பெண்களுக்கு அது எத்தனை ஆண்டில் வருகிறது, யாருக்கு முந்தி வருகிறது என்று தெரிந்தால், யாரை எப்போது மறுபடி கூப்பிட்டுப் பரிசோதிப்பது என்று முடிவெடுக்கலாம்.

புதிதாகத் தாய்மாரைச் சேர்த்துப் பத்து ஆண்டு பின்தொடர எனக்குக் காலமும் இல்லை, பணமும் இல்லை. ஆனால் எழுதி வைத்தவை ஏற்கனவே இருக்கின்றனவே! ஊர் ஊராகப் போகும் மிட்வைஃபிடம் (குடும்பநலச் சுகாதார ஊழியர்) கர்ப்பவதிகளின் பதிவு இருக்கிறது. வைத்தியசாலைகளில் சலரோகக் கிளினிக் பதிவேடு இருக்கிறது. முதலாவதில் உள்ள ஒருவர் இரண்டாவதில் எந்த ஆண்டு வந்து சேர்கிறார் என்று பார்த்தால் என் கேள்விக்கு விடை கிடைக்க வேண்டும். இது நடக்கக்கூடிய காரியமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

பனிநாட்டான்

தங்கச்சி, நல்ல கேள்வி. நான் ஒஸ்லோவில் இந்த வேலைதான் செய்கிறேன், பதிவேடுகளை இணைத்துப் புள்ளிவிபரம் எடுப்பது. சொந்த ஊர் அளவெட்டி.

இங்கே இது எப்படி நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். நோர்வேயில் தொழுநோயாளருக்கு 1856 இலேயே நாடு முழுவதற்குமான பதிவேடு தொடங்கிவிட்டார்கள். ஒரே நோய்க்கு ஒரு நாடே வைத்த முதல் பதிவேடு அதுதான் என்பார்கள். நோர்வே வைத்தியர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டது 1873 இல். அந்த நோய் பரம்பரையாக வருவதல்ல, தொற்றுவது என்று வாதாட அவருக்குப் பதிவேட்டின் கணக்குகளும் உதவின. பிறகு 1950 களின் தொடக்கத்தில் புற்றுநோய்ப் பதிவேடு வந்தது. தலிடோமைட் மாத்திரையால் குழந்தைகள் ஊனத்தோடு பிறந்த அனர்த்தத்துக்குப் பிறகு, 1967 இல் எல்லாப் பிரசவங்களுக்கும் ஒரு பதிவேடு வந்தது. 1964 இல் இருந்து எல்லோருக்கும் தனி இலக்கம் உண்டு. பிறந்த பிள்ளைக்கும் உண்டு, நான் அகதியாக வந்து தங்கும் அனுமதி பெற்றபோது எனக்கும் தந்தார்கள். பிரசவம், மருந்து, வைத்தியசாலை, மரணம் எல்லாம் அந்த ஒரே இலக்கத்தில் பதிவாகும். உங்கள் கேள்விக்கான தரவை இங்கே ஒருவர் மேசையை விட்டு எழும்பாமலே எடுத்துவிடுவார்.

பக்கத்து டென்மார்க்கில் தனி இலக்கம் 1968 இல் வந்தது. சின்னமுத்துத் தடுப்பூசியால் ஓட்டிசம் வருகிறது என்று பெற்றோர் பயந்திருந்த காலத்தில், 1991 முதல் 1998 வரை பிறந்த 5,37,303 பிள்ளைகளின் பதிவுகளை இணைத்துப் பார்த்து, அப்படித் தொடர்பு இல்லை என்று 2002 இல் காட்டினார்கள். ஒரு பெற்றோரிடமும் போய் எதுவும் கேட்கவில்லை. எல்லாம் ஏற்கனவே எழுதப்பட்டிருந்தது.

உங்களிடம் குறைவது அந்த இலக்கமும், ஊரில் மொத்தம் யார் யார் இருக்கிறார்கள் என்ற குடித்தொகைப் பதிவும். இவை இல்லாமல் இரண்டு நோயாளர் பட்டியல்களை மட்டும் வைத்துக்கொண்டு வீதம் கணக்கிட முடியாது. கிளினிக்குக்கு வராதவர் நோயில்லாமல் இருக்கிறாரா, கனடா போய்விட்டாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பதிவறைக்காரன்

ஒரு வைத்தியசாலையின் பதிவறையில் வேலை செய்கிறேன். இடத்தைச் சொல்லவில்லை.

டொக்டர், பெயரை வைத்து இணைக்க நினைத்தால் அந்த எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். எங்கள் பெயர் முறையில் குடும்பப் பெயர் கிடையாது. கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, கலியாணத்துக்குப் பின் புருஷனின் முதலெழுத்து. முதல் பிள்ளைப்பேற்றுக்கு ஒரு முதலெழுத்தோடு வந்தவர், கிளினிக்கில் பதியும்போது வேறு முதலெழுத்தோடு நிற்பார். அப்புறம், கிளினிக் பதிவேடு ஆங்கிலத்தில். ‘யாழினி’யில் வரும் ழகரத்தை ஒருவர் எல் போட்டு எழுதுவார், இன்னொருவர் இஸெட் எச் போட்டு எழுதுவார். ‘திருச்செல்வி’ என்ற ஒரு பெயரை நாலு விதமாகப் பார்த்திருக்கிறேன். பதிவாளரிடம் உள்ள இறப்புப் பதிவோ இங்கே தமிழில் இருக்கும். ஆங்கிலப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் கணினி எப்படிப் பொருத்தும்?

விலாசமும் அப்படித்தான். வலிகாமம் வடக்கு ஆட்கள் பலர் போரால் இடம்பெயர்ந்து பல ஆண்டுகள் வேறு இடங்களில் இருந்தார்கள். ஒரே ஆள் ஒரு கொப்பியில் ‘நிரந்தர விலாசம் மயிலிட்டி’ என்று சொல்லியிருப்பார், மற்றதில் ‘கோண்டாவில்’ என்று சொல்லியிருப்பார். இரண்டும் உண்மை.

நம்பக்கூடியது அடையாள அட்டை இலக்கம் ஒன்றுதான். அது இரண்டு பதிவிலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மருதநிலா

நன்றி அண்ணா. பார்த்த சில பதிவுகளில் கர்ப்பவதிகளுக்கு அடையாள அட்டை இலக்கம் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. கிளினிக் பதிவேட்டில் இருந்தும் இல்லாமலும். இன்னொரு சிக்கல், பழைய இலக்கத்தில் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும். 2016 இல் இருந்து கொடுப்பது பன்னிரண்டு எண். ஒரே ஆள் இரண்டு இலக்கத்தோடும் இருப்பாரா?

பதிவறைக்காரன்

இருக்கலாம், ஆனால் அதற்குப் பயப்படத் தேவையில்லை. பழைய இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று எண் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 85635 என்று தொடங்கினால் 1985 இல் 135 ஆவது நாள் பிறந்த பெண். புதியதாக மாற்ற, முன்னுக்கு 19 சேர்த்து, தொடர் எண்ணுக்கு முன்னால் ஒரு பூச்சியம் போட்டு, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். எல்லா இலக்கத்தையும் பன்னிரண்டு எண்ணாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். எழுத்துப் பிழையும் இதிலேயே பிடிபடும். பிள்ளைப்பேற்றுப் பதிவில் உள்ள ஒருவரின் நாள் எண் 500 க்குக் கீழே இருந்தால், யாரோ புருஷனின் இலக்கத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

சங்கானை மிஸ்

மகள், நான் ஓய்வு பெற்ற மிட்வைஃப். தம்பி பனிநாட்டான் எழுதிய ஒரு விஷயத்துக்குத்தான் இதை எழுதுகிறேன். எங்களிடம் குடித்தொகைப் பதிவு இல்லை என்கிறார். தம்பி, இருக்கிறது. அது எங்கள் கையில் இருக்கிறது.

கர்ப்பவதிப் பதிவு மட்டும்தான் எங்களிடம் என்று நினைக்க வேண்டாம். தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேடு என்று ஒன்று உண்டு. என் பிரிவில் பிள்ளை பெறக்கூடிய வயதில் உள்ள பெண்களின் குடும்பங்கள் அத்தனையும் அதில் இருக்கும், கர்ப்பம் தரித்தாலும் தரிக்காவிட்டாலும். ஒரு மிட்வைஃபுக்கு ஏறக்குறைய மூவாயிரம் சனம். கலியாணம் முடித்து வந்தவள், பிள்ளை இல்லாதவள், மூன்றாவது பிள்ளையோடு நிறுத்தியவள் எல்லோரையும் வீடு வீடாகப் போய் எழுதினோம். ஒருத்தி கனடாவுக்குப் போனால் பக்கத்து வீட்டில் கேட்டு, போன மாதத்தையும் எழுதிவிடுவோம். வவுனியாவுக்கு மாறினால் அதையும் எழுதுவோம். 49 வயது மட்டும் அவள் எங்கள் கணக்கில்தான் இருப்பாள்.

கிளினிக்குக்கு வராதவள் எங்கே என்று டொக்டருக்குத் தெரியாது. மிட்வைஃபுக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதிய பதிவுகளில் இருந்து மாதாமாதம் எண்ணிக்கை மேலே போகும். எத்தனை கர்ப்பவதி, எத்தனை பிரசவம், எத்தனை பேர் குடும்பக்கட்டுப்பாடு என்று. அங்கிருந்து எங்களுக்குத் திரும்பி வருவது ‘இந்த மாதம் குறைந்திருக்கிறது, ஏன்’ என்ற கேள்வி மட்டும்தான். நான் எழுதியதை வைத்து யாராவது ஏதாவது கண்டுபிடித்தார்கள் என்று என் சேவைக்காலத்தில் ஒருவரும் வந்து சொல்லவில்லை. தான் எழுதுவதைப் பார்க்க ஆள் உண்டு என்று தெரிந்தவளின் எழுத்து வேறு. அதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளிடம் போங்கள்.

பனிநாட்டான்

மிஸ், நீங்கள் சொன்னது இந்த ஆய்வின் வடிவத்தையே மாற்றுகிறது. தங்கச்சி, கவனியுங்கள்.

நீங்கள் கர்ப்பவதிப் பதிவில் உள்ளவர் கிளினிக் பதிவேட்டில் எப்போது வருகிறார் என்று மட்டும் பார்க்க நினைத்தீர்கள். அப்படிச் செய்தால் அகப்படுவது நோய் வந்து, கிளினிக்கும் வந்தவர்கள் மட்டும். தொடக்கம் மிட்வைஃபின் குடும்பப் பதிவேடாக இருக்கட்டும். ஒரு பிரிவில் குறித்த ஆண்டுகளில் பிள்ளை பெற்ற எல்லாத் தாய்மாரும் உங்கள் மொத்தம். அதில் கர்ப்பகாலச் சலரோகம் வந்தவர் ஒரு பக்கம், வராதவர் மறுபக்கம். ஒவ்வொருவரையும் அவர் அந்தப் பிரிவில் இருந்த காலத்துக்கு மட்டும் எண்ணுங்கள். 2016 இல் பிள்ளை பெற்று 2019 இல் வெளிநாடு போனவர் உங்களுக்கு மூன்று ஆண்டு தருகிறார், அதற்கு மேல் இல்லை. அவரை இன்றுவரை நோயில்லாமல் இருப்பவராக எண்ணினால் வீதம் பொய்யாகக் குறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 1981 இல் கிளிநொச்சியும் சேர்ந்த யாழ் மாவட்டத்தில் 8 லட்சத்துக்கு மேல் சனம். 2012 கணக்கெடுப்பில் யாழ் மாவட்டத்தில் 6 லட்சத்துக்கும் குறைவு. அந்த இரண்டுக்கும் இடையே முழுமையான கணக்கெடுப்பு அங்கே நடக்கவே இல்லை. அப்படிப்பட்ட ஊரில், போன மாதத்தை ஒருவர் கையால் எழுதி வைத்திருக்கிறார் என்றால் அதன் பெறுமதியை என்னவென்று சொல்வது!

இன்னும் இரண்டு விஷயம். கர்ப்பகாலச் சலரோகம் வந்தவரைத் திரும்பத் திரும்பப் பரிசோதிப்பார்கள், மற்றவரை அப்படிச் செய்ய மாட்டார்கள். தேடியவருக்குக் கிடைக்கும், ஆகவே வித்தியாசம் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். மற்றது, எந்த அளவை வைத்துச் சலரோகம் என்று எழுதினார்கள் என்பது. 1999 இன் உலக சுகாதார நிறுவன வரையறையில் வெறும் வயிற்றில் இரத்தச் சீனி 126 (மி.கி./டெ.லீ.), குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்துக்குப் பின் 140. 2013 இல் அதை 92, 153 என்று மாற்றி, ஒரு மணி நேரத்துக்கு 180 என்றும் சேர்த்தார்கள். ஒரே பெண், ஒரே இரத்தம், எழுதிய ஆண்டைப் பொறுத்து ஒன்றில் நோயாளி, மற்றதில் சுகதேகி. பதிவில் ‘ஆம், இல்லை’ மட்டும் இருந்தால் அதை நம்பி இரண்டு காலத்தையும் ஒன்றாகப் போடாதீர்கள். பரிசோதனை எண்ணே எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள்.

தாவடித் தாய்

நான் டொக்டரும் இல்லை, கணக்காளரும் இல்லை. எனக்கு இரண்டாவது பிள்ளையில் சலரோகம் வந்தது. நீங்கள் பேசிக்கொண்டிருப்பது என்னைப் பற்றி.

வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி எழுந்தது. என்னிடம் யார் கேட்பார்கள்? மிட்வைஃப் மிஸ்ஸிடம் நான் சொன்னது மிஸ்ஸுக்குச் சொன்னது. கருக்கலைந்ததையும் சொன்னேன், வீட்டுப் பிரச்சினையையும் சொன்னேன். மிஸ் தமக்கை மாதிரி இருந்ததால்தான் சொன்னேன். அதை முகம் தெரியாத ஒருவர் கணினியில் ஏற்றுகிறார் என்றால் அடுத்த முறை எந்தத் தாய் வாய் திறப்பாள்? பட்டியல் என்றாலே பயப்பட இந்த ஊருக்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் உள்ளவர்களின் பெயரை எழுதிக் கொடுத்த காலத்தை நாங்கள் மறக்கவில்லை.

ஆய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் தெரிய வேண்டும், எனக்கு எப்போது வரும் என்று. ஆனால் பெயரை எடுத்துவிட்டோம், ஆகவே பிரச்சினை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மருதநிலா

அக்கா, உங்கள் கேள்விதான் இந்த இழையில் முக்கியமானது என்று நினைக்கிறேன், நேரடியாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

நீங்கள் சொல்வது சரி, பெயரை எடுப்பது போதாது. பதிவறை அண்ணா மேலே எழுதியதைப் பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்திலேயே பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் இருக்கிறது. அதை அப்படியே வைத்துக்கொண்டு ‘பெயர் நீக்கிய தரவு’ என்று சொல்வது நேர்மை இல்லை. நெடுந்தீவு மாதிரிச் சனம் குறைந்த இடத்தில் இலக்கமே தேவையில்லை. வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, கிராம அலுவலர் பிரிவு இந்த மூன்றும் சேர்ந்தால் விதானையார் (கிராம அலுவலர்) ஆளைச் சொல்லிவிடுவார்.

சட்டப்படி 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவைச் சிறப்பு வகையாக வைத்திருக்கிறது. ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு பக்கத்தையும் நான் திறக்க முடியாது. ஆனால் நீங்கள் கேட்டது சட்டத்தைப் பற்றியல்ல என்று எனக்குத் தெரியும்.

என் கேள்விக்குத் தேவையானது பிள்ளை பிறந்த ஆண்டு, வயது, பரிசோதனை அளவு, சலரோகம் கண்ட திகதி, பிரிவை விட்டுப் போன மாதம். கருக்கலைந்ததோ வீட்டுப் பிரச்சினையோ தேவையில்லை. தேவையில்லாததைப் பிரதி எடுக்கவே கூடாது. எடுத்த பிறகு மறைக்கிறேன் என்பது வேறு வேலை.

பனிநாட்டான்

இதில் தொழில்நுட்பமாக ஒன்று சேர்க்கிறேன், பலர் இங்கே வழுக்குகிறார்கள். இலக்கத்தை ‘ஹாஷ்’ செய்து குறியாக்கிவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். அடையாள அட்டை இலக்கத்துக்கு இருக்கக்கூடிய சேர்க்கைகள் மிகக் குறைவு. ஆண்டு தெரியும், நாள் 366 க்குள், பிறகு ஒரு தொடர் எண். எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்த்துக் குறியைத் திரும்ப இலக்கமாக்க அதிக நேரம் எடுக்காது. இரகசியச் சாவி ஒன்றைச் சேர்த்துத்தான் குறியாக்க வேண்டும். அந்தச் சாவி தங்கச்சியிடம் இருக்கக் கூடாது. நோர்வேயிலும் இணைப்பவர் ஒருவர், ஆய்பவர் வேறொருவர். எனக்குக் கிடைப்பது ஓடும் எண் மட்டும், அதாவது ஆளைக் காட்டாத வெறும் வரிசை எண். என் சொந்தத் தங்கை அந்தத் தரவில் இருந்தாலும் எனக்குத் தெரியாது.

தாவடி அக்கா பயப்படுவது வீண் பயம் இல்லை. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர்களின் பதிவுகளை ஒரே இடத்தில் சேர்க்க 2013 இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். யாருக்குக் கொடுப்பார்கள், எப்படி மறுப்பது என்று சனத்துக்கு ஒழுங்காக விளக்கவில்லை. எதிர்ப்புக் கிளம்பி, 2016 இல் முழுவதையும் மூடினார்கள். பணமும் கணினியும் அவர்களிடம் குறைவில்லை.

பருத்தித்துறையான்

நான் பீஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர். சுருக்கமாகச் சொல்கிறேன்.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் கிடைத்தது. 90 களில் வடக்கில் மலேரியா எப்படி இருந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். ஒவ்வொரு நோயாளியையும் ஆள் ஆளாக எழுதி, வீட்டுக்குப் போய், எங்கே தொற்றியது என்று தேடியதால்தான் அது முடிந்தது. எழுதியதை உடனே பயன்படுத்தினோம். டெங்குவுக்கும் அறிவித்தல் அட்டை வந்தால் வீட்டுக்குப் போகிறோம்.

இறப்புப் பதிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வீட்டில் நடக்கும் மரணத்துக்குக் காரணம் எழுதுவது பெரும்பாலும் வைத்தியர் இல்லை. ‘வயோதிபம்’ என்றோ ‘மாரடைப்பு’ என்றோ போயிருக்கும். ஆள் இறந்த திகதியை நம்புங்கள், காரணத்தை நம்பி சலரோகத்தைக் கணக்கிடாதீர்கள்.

பதிவறைக்காரன்

இன்னொன்று சொல்ல விட்டுப்போனது. யாழ்ப்பாணத்தில் நிறையச் சனம் முதலில் போவது தனியார் ஆய்வுகூடத்துக்கு. வசதி இருந்தால் தனியார் டொக்டரிடமே மருந்தும் எடுப்பார்கள். அவர்கள் எங்கள் பதிவேட்டுக்கு வரவே மாட்டார்கள். 35 வயதுக்கு மேற்பட்டோரை நோக்கிய, சலரோகம் போன்ற நோய்களுக்குப் பரிசோதிக்கும் அரச ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களிலும், 28 வயதில் பிள்ளை பெற்றவர் கிட்டடியில் தென்பட மாட்டார். ஆகவே பதிவேட்டில் காணாதவர்களில் சிலரையாவது நேரில் கண்டு இரத்தம் சோதிக்க வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை பேரைத் தவறவிட்டீர்கள் என்று தெரிய வராது.

தாவடித் தாய்

அப்படியென்றால் எங்களில் சிலரிடம் எப்படியும் நேரில் வரத்தான் போகிறீர்கள். அதையே முதலில் செய்யுங்கள். தாய்மார் கூட்டத்தில் வைத்து, எந்த விபரத்தை எடுக்கிறீர்கள், யார் பார்ப்பார், வேண்டாம் என்றால் யாரிடம் சொல்வது என்று தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முடிவு வந்ததும் அதே தாய்மாருக்கு வந்து சொல்லுங்கள். எனக்கு அது போதும், என் விபரத்தை எடுக்கலாம்.

மருதநிலா

சரி அக்கா. இப்போது திட்டத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். முழு மாவட்டத்தையும் தொடவில்லை, ஒரே ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு. தொடக்கம் மிட்வைஃபின் குடும்பப் பதிவேடு. பரிசோதனை அளவு எண்ணாக எழுதப்பட்ட ஆண்டுகள் மட்டும். இலக்கங்களை இணைக்கும் வேலையும் சாவியும் பிரிவுப் பணிமனையிலேயே வேறொருவரிடம் இருக்கும், எனக்கு ஓடும் எண் மட்டும் வரும். கிளினிக்கில் காணாத தாய்மாரில் குலுக்கல் முறையில் சிலரைத் தெரிந்து, அவர்கள் விரும்பினால் இரத்தப் பரிசோதனை. ஐந்துக்குக் குறைந்த எண்ணிக்கை எதையும் பிரிவு வாரியாக வெளியிட மாட்டேன். அக்கா கேட்ட ஒரு பக்கத்தை எழுதி இங்கேயே போடுகிறேன், திருத்தித் தாருங்கள்.

மிஸ், உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். பதிவேட்டைப் பார்க்க எந்த நாளில் போனால் அங்குள்ள மிட்வைஃப்மாருக்கு இடைஞ்சல் குறைவு?

சங்கானை மிஸ்

கிளினிக் நாளில் போக வேண்டாம், அன்று கொப்பிகள் எல்லாம் கையில் இருக்கும். மாதக் கடைசியிலும் முதல் கிழமையிலும் ரிட்டேன் (மேலே அனுப்பும் மாதக் கணக்கு) எழுதுவார்கள், அதையும் விடுங்கள். நடுமாதத்தில் ஒரு பின்னேரம், வீட்டுத் தரிசிப்பு முடிந்து வந்த பிறகு போங்கள். முதல் நாள் பதிவேட்டைக் கேட்காதீர்கள் மகள். அவர்களோடு ஒரு நாள் வீடு வீடாக நடந்து பாருங்கள். எந்தக் கட்டத்தில் எழுதியதை எப்படி வாசிப்பது என்று அவர்களே சொல்லித் தருவார்கள். சிவப்பு மையில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தால் அதற்கும் ஒரு கருத்து இருக்கும், பிரிவுக்குப் பிரிவு அது வேறு.